எட்டுப் போட்டவர்களும் அமெரிக்க ஸ்டாப் சைனும்

அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கக் கிளம்பும் பிள்ளைகளின் பெட்டிக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று தமிழ்நாட்டில் பாதி வீடுகளுக்குத் தெரியும். பிரஷர் குக்கர், அதற்கு ஸ்பேர் கேஸ்கட், புளி, சாம்பார் பொடி, அம்மா வற்புறுத்தி வைத்த பருப்புப் பொடி, இரண்டு ஜோடி மூக்குக்கண்ணாடி, ஒரு டப்பா நிறைய மாத்திரைகள். சர்ட்டிஃபிகேட் ஃபைலுக்குள் இன்னொன்றும் இருக்கும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆயிரம் ரூபாய் கட்டி வாங்கிய இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட். "எல்லாம் ரெடி, அங்க இறங்கினதும் கார் ஓட்டலாம்" என்று அப்பா சித்தப்பாவுக்கு போன் போட்டுப் பெருமையாகச் சொல்லியும் இருப்பார்.

அந்தப் பர்மிட்டைப் பற்றி முதலில் ஒரு உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது நல்லது. அது லைசென்ஸே கிடையாது. வெறும் மொழிபெயர்ப்பு. 1949-ல் ஜெனீவாவில் கையெழுத்தான சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின்படி, "இந்த ஆளுக்கு அவருடைய நாட்டில் இன்ன வண்டி ஓட்ட அனுமதி இருக்கிறது" என்று பல மொழிகளில் எழுதிக் கொடுக்கும் ஒரு சின்னப் புத்தகம், அவ்வளவுதான். ஊர் லைசென்ஸ் கூடவே இல்லையென்றால் அதற்கு மதிப்பில்லை. ஆயுள் ஒரு வருஷம். அதைக் கொடுப்பதற்காக யாரும் யாரையும் வண்டி ஓட்டிக் காட்டச் சொல்வதில்லை. ஊரிலேயே வாங்க மறந்துவிட்டு, அங்கே போனபிறகு "சர்வதேச லைசென்ஸ்" என்று இன்டர்நெட்டில் விற்பவர்களிடம் டாலரைக் கட்டி ஏமாறுகிறவர்கள் தனிக்கதை. அந்த நாட்டு அரசே அவர்களைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

சரி, அந்த மொழிபெயர்ப்பு எதை மொழிபெயர்க்கிறது?

நம்மூரில் லைசென்ஸ் வாங்குவது எப்படி என்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எல்.எல்.ஆர். போட்டு முப்பது நாள் காத்திருக்க வேண்டும். பைக் என்றால் காலை ஊன்றாமல் எட்டுப் போட வேண்டும். கார் என்றால் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் ஒரு சின்ன ஓட்டம், கியர் மாற்றிக் காட்டல், கொஞ்சம் ரிவர்ஸ். பக்கத்து சீட்டில் ஸ்கூல்காரர் காலடியில் இன்னொரு பிரேக். மற்றதையெல்லாம் ஸ்கூல்காரரே பார்த்துக்கொள்வார். ஃபோட்டோவுக்கு மட்டும் நாம் போனால் போதும். இந்த முறையின் விளைவு என்ன என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அதே வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் பிடித்த மாநிலம் எது தெரியுமா? தமிழ்நாடுதான். 64,105 விபத்துகள். (இதில் முதலிடம் வாங்கியதற்கு யாரும் போஸ்டர் ஒட்டவில்லை!)

அதற்காக நம்மாட்களுக்கு ஓட்டத் தெரியாது என்று சொன்னால் அது அபாண்டம். வடபழனியில் மாலை ஆறு மணிக்கு ஒரு மாநகரப் பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் கண்ணாடி உரசாமல் காரை வெளியே எடுக்கிறவனை, அமெரிக்க டிரைவர் யாரிடமாவது காட்டினால் அவர் கையெடுத்துக் கும்பிடுவார். அது ஒரு திறமை. ஆனால் வேறு திறமை. இங்கே வண்டி ஓட்டுவது என்பது எதிரே வருகிறவனோடு நடத்தும் பேச்சுவார்த்தை. அவன் கண்ணைப் பார்க்கிறோம், அவன் தயங்குகிறானா என்று பார்க்கிறோம், கொஞ்சம் மூக்கை நீட்டிப் பார்க்கிறோம், அவன் நின்றால் போகிறோம். விதியை யாரும் நம்புவதில்லை, எதிராளியின் முகத்தைத்தான் நம்புகிறோம். அமெரிக்காவில் இதற்கு நேர் எதிர். அங்கே பச்சை விளக்கில் மணிக்கு 45 மைல் வேகத்தில் வருகிறவன் உங்களைப் பார்த்து ஓட்டுவதில்லை, விளக்கைப் பார்த்து ஓட்டுகிறான். குறுக்கே ஒருவன் மூக்கை நீட்டுவான் என்பது அவன் கற்பனையிலேயே கிடையாது. பேச்சுவார்த்தைக்குப் பழகியவன், பேச்சுவார்த்தையே நடக்காத சாலையில் இறங்குகிறான். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஸ்டாப் சைனை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பக்கம் கொண்ட சிவப்புப் பலகை. 1915-ல் டெட்ராய்ட் நகரத்தில் முதல் பலகை நட்டார்கள். 1954-க்கு முன்பு பல வருஷம் அது மஞ்சள் நிறத்தில்தான் இருந்தது, பிறகுதான் சிவப்பானது. நான்கு பக்கமும் அந்தப் பலகை உள்ள சந்திப்பில் போலீஸ் இல்லை, விளக்கு இல்லை. யார் முதலில் வந்து நின்றாரோ அவர் முதலில் போக வேண்டும். ஒரே நேரத்தில் வந்தால் வலது பக்கம் இருப்பவருக்கு வழி. அவ்வளவுதான் விதி. நடுராத்திரி இரண்டு மணிக்கு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு வண்டியும் இல்லாவிட்டாலும், சக்கரம் முழுவதுமாக நிற்க வேண்டும். வேகத்தைக் குறைத்து மெல்ல உருண்டு போவதற்குக் "கலிஃபோர்னியா ஸ்டாப்" என்று அங்கேயே கேலிப்பெயர் உண்டு, அதாவது உள்ளூர்க்காரர்களும் யோக்கியர்கள் இல்லை. ஆனால் டெஸ்டில் அப்படி உருண்டால் அங்கேயே ஃபெயில். பத்து வருஷம் ஊரில் கார் ஓட்டிய ஆசாமிகள் இந்த ஒரு பலகையில் தோற்றுத் திரும்புவது சர்வ சாதாரணம். "ரோட்டுல யாருமே இல்லையேப்பா, எதுக்கு நிக்கணும்?" என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். நம்மூர் நியாயம்.

கையும் காலும் பண்ணும் துரோகம் இன்னொன்று. இண்டிகேட்டர் போட நினைத்துக் கையை நீட்டினால் வைப்பர் ஆடும், ஏனென்றால் இரண்டும் இடம் மாறி இருக்கிறது. வெயிலடிக்கும் மத்தியானத்தில் வைப்பரைப் போட்டுக்கொண்டு ஒரு கார் திரும்பினால் உள்ளே இருப்பவர் இப்போதுதான் வந்திறங்கியவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். கிளட்சைத் தேடும் இடது கால், ஆட்டோமேட்டிக் வண்டியில் அகலமான பிரேக்கை மிதித்து எல்லோரையும் முன்னால் தள்ளும். இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும் என்பதும் முதல் வாரத்தில் பெரிய பிரச்சினையே இல்லை, பயம் இருக்கும்வரை கவனமும் இருக்கும். பயம் போன இரண்டாவது மாதம்தான் ஆபத்து. இரவு, காலியான சாலை, பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வந்து இடதுபுறம் திரும்பும் வண்டி. முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தொடர வழியில்லை. உடம்பு தனக்குத் தெரிந்த பக்கத்துக்குத் தானாகப் போகும்.

அர்த்தம் தலைகீழாக மாறும் விஷயங்களும் உண்டு. நம்மூரில் எதிர்வண்டி லைட்டை அடித்துக் காட்டினால் "நான் வர்றேன், நீ நில்லு" என்று பொருள். அங்கே பெரும்பாலும் "நீங்க போங்க". மஞ்சள் நிறப் பள்ளி பஸ் நின்று சிவப்பு விளக்கு மின்னினால் பின்னால் வரும் வண்டி மட்டுமல்ல, எதிர்த்திசையில் வரும் வண்டியும் நிற்க வேண்டும். நடுவில் தடுப்பு இருந்தால் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டாம் என்று பெரும்பாலான மாநிலங்கள் விட்டுவிடும், நியூயார்க் விடாது. சிவப்பு விளக்கில் நின்று பார்த்துவிட்டு வலது பக்கம் திரும்பலாம். எழுபதுகளில் எண்ணெய் நெருக்கடி வந்தபோது பெட்ரோலை மிச்சம் பிடிக்க நாடு முழுக்கப் பரவிய வழக்கம் இது. ஆனால் நியூயார்க் நகரத்துக்குள் பலகை அனுமதித்தாலொழியத் திரும்பக் கூடாது. போலீஸ் பின்னால் வந்து விளக்கைச் சுழற்றினால்? நம்மூர் பழக்கப்படி ஓரங்கட்டிவிட்டு, ஆர்.சி. புக்கை எடுத்துக்கொண்டு, இறங்கி "சார்..." என்று அவரை நோக்கி நடந்தால், துப்பாக்கி கலாச்சாரம் உள்ள நாட்டில் அது மரியாதையாகத் தெரியாது, மிரட்டலாகத் தெரியும். சீட்டிலேயே உட்கார்ந்து, இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல் தெரியும்படி வைத்திருக்க வேண்டும். இதை எந்தப் பர்மிட் புத்தகமும் மொழிபெயர்த்துச் சொல்வதில்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு, பஸ்ஸில் போனால் என்ன என்று கேட்கலாம். நியூயார்க், பாஸ்டன், சிகாகோ மாதிரி ஊர்களில் தாராளமாகப் போகலாம், அங்கே கார் வைத்திருப்பதுதான் தலைவலி. ஆனால் பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள் பல, சோளக்காட்டுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் இருக்கின்றன. வளாகத்துக்குள் பஸ் அருமையாக ஓடும். வளாகத்தைத் தாண்டினால் நடைபாதைகூட இல்லாத ஆறு வழிச் சாலை, அதற்கப்பால் மளிகைக்கடை. பனிக்காலத்தில் இரண்டு கையிலும் பால் கேனைத் தூக்கிக்கொண்டு அந்தச் சாலையோரம் நடந்தவர்களுக்கு லைசென்ஸ் ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு லேபிலிருந்து தனியாகத் திரும்பும் பெண்ணுக்கும் தேவையில்லை. ஊரையே காருக்காகக் கட்டிவிட்டு, வருஷா வருஷம் காரில்லாத வெளிநாட்டு மாணவர்களை ஃபீஸ் வாங்கிச் சேர்த்துக்கொண்டு, ஓரியண்டேஷனில் விசா விதிகளையும் கேஃபிட்டீரியா கூப்பனையும் பற்றி மட்டும் பேசி அனுப்புவது என்ன பொறுப்போ தெரியவில்லை. அதனால் எல்லாப் பாரமும் சீனியர்கள் தலையில் விழுகிறது. ஏர்போர்ட்டிலிருந்து அழைத்து வருவது, வாரம் ஒருமுறை இந்தியன் ஸ்டோருக்குக் கூட்டிப்போவது, கடைசியில் "சாவி டேபிள் மேல இருக்கு, எடுத்துட்டுப் போ மச்சி" என்று சொல்வது. நல்ல மனசுதான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

லைசென்ஸ் வாங்குவதைப் பற்றி நேர்மையாகப் பேசினால், டெஸ்டைவிட பேப்பர் வேலைதான் பாடாய்ப் படுத்தும். அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் ஒரே லைசென்ஸ் என்று எதுவும் இல்லை, மாநிலம்தான் கொடுக்கும். ஆபீஸின் பெயர்கூட ஒன்றில்லை. கலிஃபோர்னியாவில் டி.எம்.வி., டெக்சாஸில் டி.பி.எஸ்., இல்லினாய்ஸில் மாநிலச் செயலாளர் அலுவலகம். வந்திறங்கிய மறுநாளே போய் வரிசையில் நின்றால் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். நாட்டுக்குள் வந்து குறைந்தது பத்து நாளாவது பொறுங்கள் என்று மாணவர் விசாவைக் கவனிக்கும் மத்தியத் துறையே சொல்கிறது. காரணம், கவுன்ட்டரில் இருப்பவர் விவரத்தைத் தட்டியதும் சேவ் என்ற மத்திய அரசுக் கணினி ஐ-94, செவிஸ் பதிவு எல்லாவற்றையும் சரிபார்க்கும். அவை அப்டேட் ஆகியிருக்காவிட்டால் "இல்லை" என்றுதான் வரும். பாஸ்போர்ட், ஐ-20, ஐ-94, வீட்டு முகவரிக்குச் சாட்சி எல்லாம் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் நாலாவது ரூம்மேட்டாகப் பெயரே இல்லாமல் ஹாலில் படுத்திருப்பவர் முகவரிக்கு எங்கே போவார்? சோஷியல் செக்யூரிட்டி நம்பர் பெரும்பாலான புது மாணவர்களிடம் இருக்காது. வேலை கிடைத்தால்தான் அது வரும். இல்லாதவர்களிடம் பல மாநிலங்கள், "இவருக்கு நம்பர் பெறத் தகுதியில்லை" என்று அந்த ஆபீஸ் தரும் கடிதத்தைக் கேட்கும். இல்லாத ஒன்றுக்கு இல்லை என்று சர்ட்டிஃபிகேட் வாங்குவது! நம் தாலுகா ஆபீஸ்தான் உலகிலேயே மோசம் என்று நினைத்திருப்பவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கும்.

டெஸ்டுக்கு வந்தால், கலிஃபோர்னியாவில் எழுத்துத் தேர்வில் 36 கேள்விக்கு 30 சரியாக இருக்க வேண்டும். நியூயார்க்கில் 20-க்கு 14, அதில் சாலைக் குறிகள் பற்றிய நான்கில் இரண்டாவது சரியாக வேண்டும். ரோடு டெஸ்டுக்கு முன்னால் ஐந்து மணி நேர வகுப்பும் அங்கே கட்டாயம். டெக்சாஸில் 18 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு ஆறு மணி நேர வகுப்பு கட்டாயம், ரோடு டெஸ்டில் இரண்டு வண்டிக்கு நடுவில் நிறுத்துகிற மாதிரி பக்கவாட்டில் பார்க் செய்து காட்டவும் வேண்டும். கலிஃபோர்னியாவில் அந்த பார்க்கிங் கிடையாது. ஆனால் லேன் மாறும்போது கண்ணாடியைப் பார்த்தால் மட்டும் போதாது, கண்ணாடியில் தெரியாத மூலையைத் தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தலை திரும்பியதா என்பதைப் பக்கத்தில் இருக்கும் அதிகாரி கவனித்துக் குறித்துக்கொள்வார். பல ஊர்களில் டெஸ்டுக்கு வண்டியை நாமே கொண்டுபோக வேண்டும், அதற்கு ரிஜிஸ்ட்ரேஷனும் இன்ஷூரன்ஸும் இருக்க வேண்டும், கூட்டிப்போக லைசென்ஸ் உள்ள ஒருவரும் வேண்டும். மறுபடியும் சீனியர்!

ஜெர்மனி, ஜப்பான், தென்கொரியா, தைவான் நாட்டு லைசென்ஸ்களை டெஸ்ட் இல்லாமலே மாற்றிக் கொடுக்கும் மாநிலங்கள் உண்டு, வாஷிங்டன் ஓர் உதாரணம். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. இதைக் கேட்டதும் நம்மாட்களுக்கு ரோஷம் வரும். "நாங்க என்ன மட்டமா?" ரோஷப்படுவதற்கு முன் மேலே உள்ள 1,68,491 என்ற எண்ணை இன்னொருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. நம் எட்டு எவ்வளவு பெறும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மாநில அரசுகளின் மேல் வைக்க வேண்டிய உண்மையான குற்றச்சாட்டு வேறு. 2005-ல் வந்த ரியல் ஐடி சட்டத்தின் கீழ் தற்காலிக விசாவில் இருப்பவருக்கு, அவர் தங்க அனுமதி உள்ள காலம் வரைக்கும்தான் லைசென்ஸ் கிடைக்கும். முடிவுத் தேதி குறிக்கப்படாத அனுமதி என்றால் ஒரு வருஷம். அதாவது ஓட்டும் திறமை காலாவதியாவதில்லை, பேப்பர்தான் காலாவதியாகிறது. படிப்பு முடிந்து வேலை அனுமதிக்குக் காத்திருக்கும் அந்த இடைவெளியில்தான் பலருடைய லைசென்ஸும் செத்துப்போகும். நேற்றுவரை சட்டப்படி ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒரு தவறும் செய்யாமல், இன்று லைசென்ஸ் இல்லாத டிரைவர். அடையாள அட்டையையும் ஓட்டும் தகுதியையும் ஒரே பிளாஸ்டிக் துண்டில் அச்சடித்ததால் வந்த வினை இது. அதைத் திருத்தவேண்டியது அவர்கள்தான். ஆனால் திருத்தும்வரை "நாலு நாள்தானே" என்று ஓட்டுகிறவருக்கு அந்த நியாயம் துணைக்கு வராது.

இனி பணம். இன்ஷூரன்ஸ் என்பது நம்மூரில் போலீஸிடம் காட்டுவதற்கான பேப்பர். அங்கே அது வாழ்க்கையையே தாங்கும் ஒற்றைக் கயிறு. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவு: காயம்பட்ட ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்தில் மொத்தம் 60,000, பொருள் சேதத்துக்கு 15,000. அதற்கு முன்பு இருந்த 15,000 - 30,000 - 5,000 என்பது அறுபதுகளிலிருந்து மாறாமல் கிடந்த தொகை. இப்போதைய தொகையும் பெரிதாகத் தெரியும், அமெரிக்க ஆஸ்பத்திரி பில் ஒன்றைப் பார்க்கும்வரை. நான்கு நாள் ஐ.சி.யூ.விலேயே அது கரைந்துபோகலாம். மிச்சத்தை யார் தருவது? தப்பு யார் மேல் என்று முடிவாகிறதோ அவர். ஊரில் வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்து எடுத்த கல்விக்கடன் ஒரு பக்கம், இது இன்னொரு பக்கம்.

இதிலும் இரவல் கார் ஒரு தனிச் சிக்கல். பொதுவாக அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் வண்டியோடு போகும், எப்போதாவது ஒருமுறை அனுமதியோடு எடுத்து ஓட்டுபவரையும் அது தாங்கும். ஆனால் அதே வீட்டில் தங்கி, வாராவாரம் அதே காரை எடுக்கும் ரூம்மேட்டின் பெயரைப் பாலிசியில் சேர்த்திருக்க வேண்டும் என்று கம்பெனிகள் எதிர்பார்க்கும். சேர்க்கவில்லை என்றால் கிளெய்ம் வரும் நாளில் கேள்வி வரும். ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸும் இல்லையென்றால் கேள்விகூட வராது, மறுப்புக் கடிதமே வரலாம். பெயரைச் சேர்த்தால் பிரீமியம் ஏறுமே என்று சேர்க்காமல் விடுவதுதான் வழக்கம். வயது இருபத்தைந்துக்குக் கீழே, அமெரிக்காவில் ஓட்டிய சரித்திரம் பூஜ்யம் என்றால் நிச்சயம் ஏறும். கணக்குப் பாடம் படித்தவர்கள் இதை யோசிக்க வேண்டும். மாதம் சில பத்து டாலரை மிச்சம் பிடிக்க, இரண்டு பேருடைய எதிர்காலத்தையும் பந்தயம் வைக்கிறார்கள். காரைக் கொடுத்த சீனியரும் சேர்த்துத்தான் மாட்டுவார்.

விசா விஷயம் இன்னும் மோசம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் சில மாநிலங்களில் அபராதத்தோடு போகும், சிலவற்றில் குற்ற வழக்காகவே பதிவாகலாம். குடித்துவிட்டு ஓட்டிக் கைதானால், வழக்கு முடிவதற்கு முன்பே தூதரகம் விசாவை ரத்து செய்யலாம், 2015-லிருந்து நடைமுறையில் இருப்பது இது. அடுத்தமுறை விசா விண்ணப்பத்தில் "எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா" என்ற கட்டத்தில் பொய் சொல்லவும் முடியாது. 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவுகளை அமெரிக்க அரசு திடீரென்று ரத்து செய்தது. அதில் சிக்கியவர்களில், வேகமாக ஓட்டியதற்கு அபராதம் கட்டியதைத் தவிர வேறு எந்தக் கறையும் இல்லாதவர்களும் இருந்தார்கள். நாடெங்கும் வழக்குகள் பாய்ந்த பிறகு ஏப்ரல் கடைசியில் அந்தப் பதிவுகளைத் திரும்பப் போட்டார்கள். அது அநியாயம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மூன்று நான்கு வாரம் தூங்காமல் இருந்தவர்களுக்கு ஒரு டிராஃபிக் டிக்கெட் என்றால் என்ன என்று நன்றாகவே புரிந்திருக்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் ஒன்று. சில மாதங்களுக்கு ஒருமுறை பேப்பரில் அந்தச் செய்தி வருகிறது. செமஸ்டர் லீவில் நான்கைந்து பேர் சேர்ந்து கிளம்பிய கார், விடியற்காலை, நெடுஞ்சாலை, ட்ரக். எல்லோருக்கும் இருபத்திரண்டு, இருபத்து நான்கு வயது. பிறகு உடலை ஊருக்கு அனுப்ப நண்பர்கள் இன்டர்நெட்டில் நிதி திரட்டுவார்கள். பரீட்சை முடிந்த அன்று ராத்திரியே கிளம்புவது, ஹோட்டல் வாடகையை மிச்சம் பிடிக்க இரவெல்லாம் ஓட்டுவது, ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டுமே ஒழுங்காக லைசென்ஸ் இருப்பது, அவர் கண் சொருகும்போது "நான் கொஞ்ச நேரம் ஓட்றேன்டா" என்று பர்மிட் புத்தகம் மட்டும் வைத்திருப்பவர் சீட் மாறுவது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகஸ் 270 மைல். நேரான சாலை. ஓட்டத் தெரியாதவர் கூட ஓட்டிவிடலாம் என்று தோன்றும் சாலை. அந்த நேரான சாலையில்தான் தூக்கம் வரும்.

இதற்கெல்லாம் எதிர்வாதம் உண்டு. சட்டமே அனுமதிக்கிறதே என்பார்கள். உண்மைதான். டெக்சாஸில் புதிதாகக் குடியேறியவர் 90 நாள் வரை பழைய லைசென்ஸில் ஓட்டலாம். கலிஃபோர்னியாவில் குடியேறியவர் என்றால் 10 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், வெறும் விருந்தாளி என்றால் ஊர் லைசென்ஸே செல்லும். மாணவர் குடியேறியவரா, விருந்தாளியா? ஃபீஸ் கட்டும்போது ஒரு பதில், லைசென்ஸுக்கு இன்னொரு பதில் என்று இந்தக் கேள்வியை வைத்தே ஒரு பட்டிமன்றம் நடத்தலாம். ஆனால் சட்டம் ஓட்ட விடுகிறது என்பதற்கும், ஓட்டத் தெரியும் என்பதற்கும் சம்பந்தமில்லை. அந்தச் சலுகை சுற்றுலா வந்து பத்து நாளில் திரும்புகிறவருக்காகப் போட்டது. இரண்டு வருஷம் தங்கி, பனியிலும் மழையிலும் ஓட்டப்போகிறவருக்கு அது ஒரு பொறி. முதல் செமஸ்டரிலேயே, கார் வாங்கும் யோசனை வருவதற்கு முன்பே, ஊர் லைசென்ஸை மறந்துவிட்டுப் புதிதாகப் படித்து டெஸ்ட் எழுதுவதுதான் சரி. இரண்டு மூன்று வகுப்பு காசு கொடுத்து உள்ளூர் இன்ஸ்ட்ரக்டரிடம் போனாலும் தப்பில்லை. அந்தச் செலவை வீட்டுக்குச் சொன்னால் "உனக்குத்தான் ஓட்டத் தெரியுமே?" என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

பல்கலைக்கழகங்களிலுள்ள இந்திய மாணவர் சங்கங்கள் ஜூலை மாதமானால் ஒரு லிஸ்ட் அனுப்பும். குக்கர் எத்தனை லிட்டர், கேஸ்கட் எத்தனை, எந்த மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்றெல்லாம் அக்கறையாக எழுதியிருப்பார்கள். அதில் எங்கோ நடுவில் "ஐ.டி.பி. எடுத்துட்டு வாங்க, வந்ததும் ஓட்டலாம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, அந்த மாநிலத்தின் டிரைவர் கையேட்டுக்கு லிங்க் போடலாம். விலை இல்லை, பி.டி.எஃப்.பாகவே கிடைக்கிறது, எழுத்துத் தேர்வின் கேள்விகள் அதிலிருந்துதான் வருகின்றன. விசா கையில் வந்ததற்கும் விமானம் ஏறுவதற்கும் நடுவில், சொந்தக்காரர் வீடுகளில் விருந்து சாப்பிடுவதைத் தவிர வேறு வேலை இல்லாத சில வாரங்கள் இருக்குமே, அப்போது படித்துவிடலாம்.